பேஸ் போதவில்லை

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓய்வு பெற்று இன்றோடு நான்கு வாரம். முப்பத்திரண்டு வருடம் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். தினமும் பதிவேட்டில் ஏதாவது எழுதிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆகவே இந்த டைரி.

பிரிவு உபசாரத்தில் பையன்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய பொட்டி. பெரிய பொட்டிக்குப் பெயர் சப்வூஃபர். மேளம், இடி, வெடி எல்லாம், அதாவது பேஸ் என்கிற அடிச்சத்தம் முழுக்க, அதிலிருந்துதான் வருகிறது. ஒரு மாதமாகக் கேட்கிறேன். நல்ல சாமான். ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் பூங்கோதை இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மிருதுளாகிட்டப் பேசினனுங்க. தலை தீபாவளிக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லீருக்கறன்."

நான் சட்னி கேட்டேன்.

"உங்களைத்தானுங்க."

"காதுல உழுந்துச்சு. வந்தா வரட்டும். எனக்கென்ன."

மிருதுளா எங்களுக்கு ஒரே பெண். போன தை மாதம் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாங்கள் போகவில்லை. நான் போகவில்லை, அதனால் பூங்கோதையும் போகவில்லை. ஒன்பது மாதமாக மிருதுளா என்னிடம் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. பையன் பெயர் இளம்பரிதி. சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டூடியோவில் வேலை.

சாயங்காலம் ஹோம் தியேட்டரைப் போட்டேன். மழையும் இடியும் வருகிற ஒரு டெமோ அதிலேயே இருக்கிறது. பேஸ் போதவில்லை. இதற்கும் காலையில் நடந்த பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

பொட்டியின் பின்னால் இரண்டு குமிழ்கள். ஒன்றை முழுக்கத் திருப்பினேன். பொட்டி தரையில் இடம் பெயர்ந்தது. ஓடுகிற மிஷின் அசைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பலகையில் ஏற்றி, நாலு பக்கமும் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினேன். மேலே ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்திப் பார்த்தேன். விழாமல் நின்றது. கம்பெனியில் இப்படி நின்றால் மோட்டார் பாஸ்.

இடியைப் போட்டேன். ஹாலில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் கீழ்வீட்டு ரங்கநாயகி டீச்சர் படியேறி வந்துவிட்டார்.

"சார், எங்க அடுப்படியில டம்ளரெல்லாம் நடந்து போகுதுங்க சார். ஒண்ணு சிங்க்குக்குள்ளயே குதிச்சிருச்சு."

"இங்க பேஸே வர மாட்டேங்குது டீச்சர்."

"எங்க ஊட்டுக்கு வாங்க, நல்லா வருதுங்க."

போல்ட்டைக் கழற்றி, அடியில் ரப்பர் வைத்தேன். தரையில் நாலு ஓட்டை மிச்சம். பூங்கோதை பார்ப்பதற்குள் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

குறையைக் கண்டுபிடித்துவிட்டேன். பொட்டியின் பின்பக்கம் அடியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. இடி இடிக்கும்போது கையை வைத்தால் காற்று புஸ் புஸ்ஸென்று வருகிறது. லீக்! எந்தப் பம்ப்பிலும் லீக் இருந்தால் அழுத்தம் எப்படி நிற்கும்? தயாரித்தவன் இதைக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறான். என் பிரிவாக இருந்தால் வாசலைத் தாண்டியிருக்காது.

கையில் கிடைத்த துணியை நன்றாகத் திணித்து அடைத்தேன். காற்று சுத்தமாக நின்றது.

அக்டோபர் 5, ஞாயிறு

பேஸ் இன்னும் குறைந்திருக்கிறது. ஆனால் லீக் இல்லை.

அக்டோபர் 8, புதன்

நாலு நாளாக வீட்டில் கரித்துணியைக் காணோம். பூங்கோதை சோற்றுப் பானையை முந்தானையால் பிடித்து இறக்கிக்கொண்டு, வேலைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். இன்று ஹாலைக் கூட்டும்போது பொட்டியைத் திருப்பியிருக்கிறாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள எதுக்குங்க என்ர கரித்துணி?"

லீக் விஷயத்தை விளக்கினேன். அவள் துணியை உருவினாள். அது வந்துகொண்டே இருந்தது. கூடவே என் பழைய பனியனும் வந்தது.

"கம்பெனிக்காரன் அத்தனை வட்டமா, பிளாஸ்டிக் குழாய் வெச்சு ஓட்டை போட்டிருக்கறான். அது லீக்குங்களா?"

துணி வெளியே வந்ததும் இடி நன்றாகவே கேட்டது. காற்று வரட்டும் என்றுதான் அந்த ஓட்டையே வைத்திருக்கிறார்களாம். யூடியூபில் ஒருவர் சொல்கிறார். இதை இங்கே மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

பூங்கோதை முறுக்கு மாவுக்கு அரிசி ஊறவைத்துவிட்டாள். தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கேட்டால், "அவருக்குப் புடிக்குமோ என்னமோ, ரெண்டு தினுசாச் சுட்டுப் பாக்கோணும்" என்கிறாள். இவளுக்கு என்ன இத்தனை பதற்றம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

அதே யூடியூப்காரர் இன்னொரு வழி சொன்னார். பொட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதை யூகிக்கக் கூடாது. நாம் உட்காரும் இடத்தில் பொட்டியை உட்கார வைத்துவிட்டு, சத்தத்தைப் போட்டுவிட்டு, ஹால் முழுக்கத் தரையில் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் தலை இருக்கும்போது பேஸ் கனமாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பொட்டியைக் கொண்டுபோய் வைத்தால் நம் இடத்தில் அதே கனம் கேட்கும்.

கேட்கக் கிறுக்குத்தனமாக இருந்தாலும் இது சோதனை முறைதான். எனக்குப் பிடித்தது. என் பிரம்பு நாற்காலியில் பொட்டியைத் தூக்கி வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் தொடங்கினேன். இரண்டடிக்கு ஒரு தடவை நின்று, சாக்பீஸால் தரையில் மதிப்பெண் எழுதினேன். ஜன்னலோரம் நாற்பது. ஷோகேஸ் பக்கம் இருபது. செருப்பு அலமாரிக்கு முன்னால் எழுபது.

கதவு திறந்திருந்திருக்கிறது. செருப்பு அலமாரியிலிருந்து தலையைத் தூக்கினால் ரங்கநாயகி டீச்சர் நிற்கிறார். நாற்காலியில் பொட்டி. தரையில் நான்.

"சார், அது மேல உக்காந்திருக்குது, நீங்க கீழ இருக்கறீங்க..."

"டெஸ்டிங் டீச்சர்."

டீச்சர் எதற்கு வந்தாரோ, சொல்லாமலேயே இறங்கிப் போனார். உள்ளேயிருந்து பூங்கோதை சிரித்த சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்பது மாதமாக இவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு சுற்று தவழலாமா என்றுகூட நினைத்தேன்.

பொட்டியைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இடி நெஞ்சில் இறங்கியது. முழு வெற்றி. இத்துடன் இந்த வேலை முடிந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

முடியவில்லை.

மத்தியானம் பூங்கோதை காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "உங்க நாக்காலில நல்லாக் கேக்குதுங்க, சரி. மாப்பிள்ளை எங்க உக்காருவாரு?"

"எங்க வேணா உக்காரட்டும். நான் என்ன அவனுக்காகவா இதைப் பண்றேன்?"

கோபமாக வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுதிவிடுகிறேன். போன வருடம் கார்த்திகை மாதம் அந்தப் பையன் இங்கே வந்தான். சோபாவின் இடது ஓரத்தில், பாதி சீட்டில், முதுகு சாயாமல் உட்கார்ந்தான். பக்கத்தில் மிருதுளா. என்ன வேலை என்று கேட்டேன். "படத்துல இடி இடிச்சா, தியேட்டர்ல இருக்கிறவங்களுக்கு இடி மாதிரியே இருக்கணும் சார். அதைச் சரி பண்றதுதான் என் வேலை" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். நான், "ஸ்பீக்கர் பொட்டி தூக்கறவனுக்கு என்ர புள்ளையக் குடுக்கறதுக்கில்லை" என்றேன். அவன் காபி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டு, பூங்கோதையிடம், "காபி நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். மிருதுளா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

பொட்டி தூக்குவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. இரண்டு வாரமாக நானே தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

கீழே வந்து, சும்மா ஒரு மாற்றத்துக்காக, பொட்டியைச் சோபாவின் இடது ஓரத்தில் வைத்து மறுபடி தவழ்ந்தேன். இந்தத் தடவை கதவைத் தாழ்போட்டுவிட்டேன். பூங்கோதையின் தையல் மிஷின் இருக்கும் மூலையில் தொண்ணூறு. பொட்டியை அங்கே வைக்கத் தையல் மிஷினைப் படுக்கையறைக்கு நகர்த்தியாயிற்று. அவள் தானே ஒரு பக்கம் பிடித்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

சோபாவின் இடது ஓரத்தில் அற்புதம். ஆனால் என் பிரம்பு நாற்காலியில் பேஸ் சுத்தமாக இல்லை, இடி எலி ஓடுவது போல இருக்கிறது. எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல வராதாம், ஹாலின் அளவு அப்படி. பரவாயில்லை. எனக்கு எதற்கு இடி.

அக்டோபர் 15, புதன்

அவர்கள் வரப்போவதில்லையாம்.

பூங்கோதை போனை வைத்துவிட்டு வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். தலை தீபாவளிக்குப் பெண் வீட்டார் நேரில் போய் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும், அதுதான் முறை. அந்தப் பையன் முறையெல்லாம் கேட்கவில்லையாம். கேட்டது மிருதுளா.

"என்னத்தச் சொன்னா?"

"'நீ கூப்புடறம்மா, செரி. அவரு எங்க ஊட்டுக்காரரை ஒரு வார்த்தை கூப்பிட்டாரா? அங்க வந்து மறுபடியும் பாதி சீட்டுல உக்காரறதுக்கு நான் அவரைக் கூட்டிட்டு வர மாட்டேன்'ன்னுட்டா. இந்தத் தீபாவளி போச்சுன்னா அப்பறம் எந்தத் தீபாவளிக்குங்க வருவா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். முறுக்கு டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டாள்.

இன்று டெஸ்டிங் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

டெக்னிக்கல் விஷயமாக ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது. நம்பரைப் பூங்கோதையின் போனிலிருந்து எடுத்தேன். அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"ஹலோ, யாருங்க?"

"தெய்வசிகாமணி. கோயமுத்தூரு."

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்லீங்க. ஒரு சப்வூஃபர் பத்தித்தான். பின்னால ரெண்டாவது குமிழ் ஒண்ணு இருக்குது, நாப்பதுல இருந்து நூத்தம்பது வரைக்கும் நம்பர் போட்டு. அதை எத்தனைல வெக்கோணுங்க?"

சிரிக்கிறானோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மத்த ஸ்பீக்கரெல்லாம் எத்தனை இஞ்ச் சார்?"

"மூணு."

"அப்ப நூறுல ஆரம்பிங்க. ரொம்பக் கீழ வெச்சா ரெண்டுக்கும் நடுவுல பள்ளம் விழுந்துரும், ஆம்பளை குரலெல்லாம் மெலிஞ்சு கேக்கும். ஹால் என்ன அளவு சார்?"

"பதினாறுக்குப் பதினொண்ணு. சோபா சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்குது."

"நல்லது சார். சுவத்தோட ஒட்டி இருந்தா கொழகொழன்னு கேக்கும்." அவன் குரலில் ஆசை வந்துவிட்டது. அதே ஆசைதான். "ஆனா போன்ல இதுக்கு மேல சொல்ல முடியாது சார். நேர்ல உக்காந்து கேட்டாத்தான் தெரியும்."

"அப்ப நேர்ல வந்து கேளுங்க."

அடுப்படியில் மிக்ஸி நின்றுவிட்டது.

"தீபாவளிக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க. நான்தான் கூப்புடறனுங்க."

"வரோம் சார்" என்றான். உடனே சொன்னான். நானாக இருந்தால் இரண்டு நாளாவது காக்க வைத்திருப்பேன்.

போனை வைத்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். பூங்கோதை ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். முறுக்கு டப்பா கீழே இறங்கிவிட்டது.

இரண்டாவது குமிழ் நூறில் வைத்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 17, வெள்ளி

ரெகுலேட்டர் மாற்றியாயிற்று. ஒட்டடை அடித்தேன். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்த இடத்தில், கரை அரை இஞ்ச்சா ஒரு இஞ்ச்சா என்று பூங்கோதையோடு சண்டை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலை ரயிலில் வந்துவிட்டார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பையன் இறங்கினதும், "வணக்கம் சார்" என்றான். மிருதுளா இளைத்திருக்கிறாள். பையைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அடுப்படியிலேயே இருக்கிறாள். அம்மாவோடு பேச்சு, சிரிப்பு, அதிரசம் தட்டுவது எல்லாம் நடக்கிறது. துண்டு என் பக்கத்தில் கொடியில் கிடக்கிறது, அவள் உள்ளே போய், "அம்மா, துண்டு எங்க?" என்று கேட்கிறாள். பூங்கோதை, "அப்பாகிட்டக் கேளு" என்றாள். மிருதுளா துண்டு இல்லாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கூப்பிட்டால் வருவாள் என்று தெரிந்தது. வந்தால் பேசுவாள் என்று எப்படி நினைத்தேன்?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடியலில் பூங்கோதை இரண்டு பேரையும் மணையில் உட்கார வைத்து எண்ணெய் வைத்தாள். மாப்பிள்ளை மஞ்சள் தடவிய வேட்டியை வாங்கி எங்கள் இருவர் காலிலும் விழுந்தார். பெண்ணும் விழுந்தாள். எழுந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டோம். பத்து மணிக்கு வெடிச்சத்தம் கொஞ்சம் அடங்கியதும், "அந்த சப்வூஃபரைப் பாக்கலாமா சார்?" என்று அவரே கேட்டார்.

"உக்காருங்க" என்று சோபாவின் இடது ஓரத்தைக் காட்டினேன். நான் என் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இடியைப் போட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் இடியில் புருவம் ஏறியது. இரண்டாவது இடியில் மெல்ல முதுகைச் சாய்த்து, முழு சீட்டிலும் உட்கார்ந்தார்.

"சார், இது ரொம்ப நல்லா இருக்கு. ஸ்டூடியோவுலகூட சத்தத்தை இப்படி உக்கார வைக்க அரை நாள் ஆகும்."

பிறகு எழுந்தார். சோபாவின் நடுவில் நின்றார். ஜன்னல் பக்கம் போனார். தையல் மிஷின் இருந்த மூலையில் பொட்டியைப் பார்த்தார். கடைசியில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் அவர் காதை வைத்துக் கேட்டார்.

"உங்களுக்கு இடி கேக்குதா சார்?"

"கேக்குது."

"கேக்காது சார். இந்த இடத்துல ஒண்ணுமே வராது." அவர் சத்தத்தைக் குறைத்தார். "இது தானா அமையாது. யாரோ அந்த ஒரு சீட்டுக்காக மட்டும் பொட்டியை அங்க வெச்சிருக்காங்க. உங்க நாற்காலியை விட்டுட்டு."

நான் ரிமோட்டைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் மிருதுளா வந்து நின்றிருந்தாள், கையெல்லாம் மாவு. முப்பத்திரண்டு வருடம் நான் அடுத்தவர் வேலையில் குறை சொல்லிச் சம்பளம் வாங்கியவன். என் குறையைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் சொன்னேன்.

"உங்களுக்குத்தானுங்க வெச்சேன். போன வருசம் அதே சீட்டுல உங்களை உக்கார வெச்சு நான் பேசினது தப்பு மாப்பிள்ளை. ரொம்பத் தப்பு."

மாப்பிள்ளை என் தோளில் கையை வைத்தார், எடுத்தார்.

"ரெண்டு சீட்டுக்கும் முழுசா வராது மாமா" என்றார். "ஆனா ரெண்டுலயும் முக்கால்வாசி வர்ற இடம் ஒண்ணு இருக்கும். தேடிப் பாக்கலாம். நான் சோபாவுல இருக்கேன், நீங்க பொட்டியை நகத்துங்க. மிருது, நீ அப்பா நாற்காலில உக்காந்து கேட்டுச் சொல்லு."

அவள் தயங்கினாள். பிறகு மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்குப் போய் முழங்காலிட்டேன். பொட்டியை ஒரு அடி நகர்த்தினேன். "வருதா?" என்றேன், யாரையும் பார்க்காமல். மாப்பிள்ளை, "எனக்கு வருது" என்றார். நாற்காலியிலிருந்து பதில் இல்லை. இன்னொரு அடி. பதில் இல்லை. டிவி மேசைக்கு அருகில் ஒரு சாண் தள்ளி வைத்துக் கேட்டேன்.

"இப்ப வருதா?"

"வருதுங்கப்பா."

எனக்குக் கண் மறைத்தது. தலையைத் தூக்காமல் பொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டேன்.

"இப்ப?"

"வருதுங்கப்பா."

"இப்பக் கண்ணு?"

"வருதுங்கப்பா."

பொட்டியை நான் அசைக்கவே இல்லை. நாலாவது தடவை கேட்டபோது அவளுக்குப் புரிந்துவிட்டது, சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனாலும் சொன்னாள்.